தேர்தல் செலவை அரசு ஏற்பது: எந்தக் கணக்கில் கொடுப்பது, எப்படிக் கேட்டு வாங்குவது

கேள்வி இது: தேர்தல் செலவை அரசாங்கமே கொடுத்துவிட்டால் கட்சிகள் பெரும் பணக்காரர்களிடம் கையேந்த வேண்டியதில்லையே, ஏன் அதைச் செய்வதில்லை? சாதாரண மக்கள் இதற்காக என்ன செய்ய முடியும்?

‘அரசு நிதி’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். நடைமுறையில் அது நாட்டுக்கு நாடு, ஊருக்கு ஊர் வேறு வேறு பொருள். ஓரிடத்தில் கட்சிக்குப் பணம், ஓரிடத்தில் வேட்பாளருக்கு, ஓரிடத்தில் வாக்காளர் கையிலேயே கொடுத்து “யாருக்கு வேண்டுமோ கொடு” என்கிறார்கள். வேண்டுமா வேண்டாமா என்ற பட்டிமன்றத்தில் இவை எல்லாம் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. பணம் எந்தக் கணக்கில் வருகிறது, அதை வாங்குகிறவர் பதிலுக்கு எதை விட்டுக்கொடுக்கிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். தனியார் பணம் வரும் கதவைச் சாத்தாமல் அரசுப் பணத்துக்கு இன்னொரு கதவைத் திறந்தால், கட்சிக்கு இரண்டு பக்கமும் வரவு. சீர்திருத்தம் ஒன்றும் நடக்காது.

கட்சிக்குக் கொடுக்கும் முறைக்கு ஜெர்மனியைப் பார்க்கலாம். அங்கே கட்சிகளுக்கு ஆண்டுதோறும் பணம் போகிறது. சட்டத்திலுள்ள அடிப்படைக் கணக்குப்படி முதல் 40 லட்சம் வாக்குகளுக்கு வாக்குக்கு 1 யூரோ, அதற்கு மேல் வாக்குக்கு 83 சென்ட். விலைவாசியோடு இது உயரும். 50 லட்சம் வாக்கு வாங்கிய கட்சிக்கு அடிப்படை விகிதத்தில் 48.3 லட்சம் யூரோ. இது போக, தனி ஆட்களிடமிருந்து சந்தாவாகவோ நன்கொடையாகவோ கட்சி திரட்டும் ஒவ்வொரு யூரோவுக்கும் அரசு 45 சென்ட் சேர்த்துக் கொடுக்கும். ஒரு நபருக்கு 3,300 யூரோ வரைதான் கணக்கில் வரும். நிறுவனம் கொடுத்த நன்கொடைக்கு இந்தச் சலுகை கிடையாது. இதற்கெல்லாம் மேல் ஒரு பூட்டு உண்டு: கட்சி தானாகத் திரட்டிய வருமானத்தைவிட அரசுப் பணம் அதிகமாக இருக்கக் கூடாது. உறுப்பினர்களைத் தேடிப் போகாத கட்சி அரசுப் பணத்தில் மட்டும் உட்கார்ந்து சாப்பிட முடியாது.

நுழைவாயிலும் தாழ்வாகவே இருக்கிறது. நாடாளுமன்ற அல்லது ஐரோப்பியத் தேர்தலில் 0.5 சதவீதம், மாநிலத் தேர்தலில் 1 சதவீதம் வாங்கினால் போதும். எம்.பி. ஒருவர்கூட இல்லாத கட்சிக்கும் பணம் உண்டு. 2018-ல் ஆளுங்கட்சிகள் சேர்ந்து, எல்லாக் கட்சிகளுக்கும் சேர்த்து ஆண்டுக்குக் கொடுக்கும் பணத்தின் உச்சவரம்பை ஒரேயடியாக 19 கோடி யூரோவுக்கு உயர்த்தின. எதிர்க்கட்சி எம்.பி.க்கள் வழக்குப் போட்டார்கள். இவ்வளவு தேவை என்பதற்குப் போதுமான காரணம் காட்டப்படவில்லை என்று சொல்லி அரசியல் சட்ட நீதிமன்றம் 2023 ஜனவரியில் அந்த உயர்வை ரத்து செய்தது. தங்கள் சம்பளத்தைத் தாங்களே நிர்ணயிப்பவர்களுக்கு வெளியிலிருந்து ஒரு கடிவாளம் வேண்டும்.

கடிவாளம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இத்தாலி உதாரணம். கட்சிகளுக்கு அரசு கொடுக்கும் பணத்தை நிறுத்த வேண்டும் என்று 1993 ஏப்ரலில் நடந்த வாக்கெடுப்பில் 90 சதவீதத்துக்கு மேல் வாக்களித்தார்கள். அதே ஆண்டு முடிவதற்குள் ‘தேர்தல் செலவை ஈடுகட்டுதல்’ என்ற புதுப் பெயரில் பணம் திரும்பி வந்துவிட்டது. பிறகு உண்மையான செலவுக்கும் கொடுத்த தொகைக்கும் சம்பந்தமே இல்லாமல் போய், 2012-ல் கட்சிப் பொருளாளர்கள் சிக்கிய ஊழல்கள் வெடித்த பிறகுதான் படிப்படியாக ஒழித்தார்கள்.

செலவைத் திருப்பிக் கொடுக்கும் முறையை ஒழுங்காக நடத்தும் நாடு என்று பிரான்ஸைச் சொல்லலாம். முதல் சுற்றில் 5 சதவீத வாக்கு வாங்கும் வேட்பாளருக்கு, செலவு உச்சவரம்பில் 47.5 சதவீதம் வரை அரசு திருப்பிக் கொடுக்கும். கணக்கு சரியாக இருக்க வேண்டும், உச்சவரம்பைத் தாண்டியிருக்கக் கூடாது. 2012 அதிபர் தேர்தலில், அப்போது அதிபராக இருந்த சர்க்கோசியின் கணக்கு வரம்பை 3,63,615 யூரோ தாண்டியிருந்தது. பல கோடி யூரோ செலவில் அது ஒரு சொட்டு. ஆனாலும் திரும்பி வர வேண்டிய 1 கோடி யூரோவுக்கு மேற்பட்ட தொகை முழுவதும் பறிபோனது. கட்சித் தொண்டர்களிடம் வசூல் செய்து கடனை அடைத்தார்கள். தண்டனை இப்படிப் பையில் அடிப்பதாக இருந்தால்தான் உச்சவரம்புக்கு மரியாதை. இந்த முறையின் குறை, பணம் கடைசியில்தான் வரும் என்பது. முதலில் வங்கிக் கடன் கிடைக்கும் ஆளாக இருக்க வேண்டும், இல்லாதவர் களத்துக்கே வர முடியாது.

புதியவர்களுக்கு வழி விடுவதில் நியூயார்க் நகரத்தின் மேட்சிங் முறை பல படி மேலே. 1988-ல் ஒன்றுக்கு ஒன்று என்று தொடங்கி, 2018-ல் மக்கள் வாக்கெடுப்பில் ஒன்றுக்கு எட்டாக உயர்த்தினார்கள். நகரவாசி ஒருவர் 10 டாலர் கொடுத்தால் அரசு 80 சேர்க்கும், வேட்பாளர் கைக்கு 90. நகர கவுன்சிலுக்குப் போட்டியிடுபவருக்கு ஒவ்வொருவர் நன்கொடையிலும் முதல் 175 டாலர் வரை இந்தக் கணக்கு. 175 கொடுத்தால் 1,400 சேரும். 1,000 கொடுத்தாலும் 1,400-தான் சேரும். ஆகவே ஒரு பணக்காரரின் வீட்டு வரவேற்பறையைவிட, ஆறு தெருவில் கதவைத் தட்டுவது லாபம். வேட்பாளரின் நேரம் எங்கே போகிறது என்பதை மாற்றுவதுதான் இந்தத் திட்டத்தின் உயிர்நாடி. தகுதி பெற, தன் தொகுதிக்குள்ளேயே குறைந்தது 75 பேரிடம் நன்கொடை வாங்கி, 5,000 டாலர் திரட்டிக் காட்ட வேண்டும். பெயருக்கு நிற்பவர்கள் இந்த இடத்திலேயே கழன்றுவிடுவார்கள்.

இதில் வரும் கோளாறு பினாமி நன்கொடை. ஒருவரே 2,000 டாலரை எடுத்து இருபது ஊழியர்கள் பெயரில் பிரித்துப் போட்டால், அரசு அதை இருபது சிறு நன்கொடை என்று நம்பி எட்டு மடங்கு கொட்டும். அதாவது 16,000 டாலர் பொதுப் பணம் திருடு போகிறது. தணிக்கையாளர்கள் இதைப் பிடிக்கும் விதம் எளிமையானது: ஒரே கையெழுத்தில் நிரப்பிய அட்டைகள், அடுத்தடுத்த எண்ணுள்ள மணியார்டர்கள், ஒரே நாளில் ஒரே நிறுவன ஊழியர்களிடமிருந்து வந்த ஒரே தொகை. எண்ணெழுத்தைப் பார்க்கத் தெரிந்த பத்துப் பேர் வேண்டும், அவர்களைத் தூக்கியடிக்க யாராலும் முடியாத ஒரு வாரியம் வேண்டும். அந்த நகரத்தின் தேர்தல் நிதி வாரியம் 2024 டிசம்பரில், பதவியிலிருந்த மேயர் எரிக் ஆடம்ஸுக்கே மேட்சிங் நிதியைத் தர மறுத்தது.

முழுச் செலவையும் அரசே கொடுக்கும் முறை அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் இருக்கிறது. 1996-ல் மக்களே முன்மொழிந்து வாக்கெடுப்பில் நிறைவேற்றிய சட்டம், 2000 தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. கீழவைக்கு நிற்பவர் தன் தொகுதி வாக்காளர்கள் 60 பேரிடம் ஆளுக்கு 5 டாலர் வாங்க வேண்டும், மேலவைக்கு 175 பேர். அந்த 5 டாலர் வேட்பாளருக்கு அல்ல, பொது நிதிக்குப் போகும். அதாவது அது நன்கொடை என்பதைவிட, ‘இவர் நிற்கட்டும்’ என்று பணம் வைத்துச் சொல்லும் ஒரு கையெழுத்து. தகுதி பெற்றபின் தனியார் நன்கொடை வாங்கக் கூடாது.

இந்த முறைக்கு 2011-ல் ஓர் அடி விழுந்தது. எதிராளி சொந்தப் பணத்தைக் கொட்டினால் அரசு உதவி பெறும் வேட்பாளருக்குத் தானாகவே கூடுதல் பணம் வரும் என்ற விதி இருந்தது. அரிசோனாவின் இதே மாதிரி விதியை, அது எதிராளியின் பேச்சுரிமைக்குச் சுமை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கூடுதல் பணம் வராது என்று தெரிந்ததும் பலர் திட்டத்தை விட்டு விலகினார்கள். மெய்ன் மக்கள் 2015-ல் மறுபடி வாக்கெடுப்புக்குப் போய், கூடுதலாக 5 டாலர் ஆதரவுகளைத் திரட்டினால் கூடுதல் தவணை என்று மாற்றினார்கள். தூண்டுகோலை எதிராளியின் செலவிலிருந்து எடுத்து வேட்பாளரின் ஆதரவில் கட்டியதும் சட்டச் சிக்கல் தீர்ந்தது. வரைவு எழுதுபவர்கள் இந்த ஒரு இடத்தை நன்றாகப் படிக்க வேண்டும்.

சியாட்டில் நகரம் இன்னொரு பக்கமாக யோசித்தது. ஒவ்வொரு வாக்காளருக்கும் தலா 25 டாலர் மதிப்பில் நான்கு வவுச்சர். பிடித்த வேட்பாளருக்குக் கையெழுத்திட்டுக் கொடுக்கலாம். கையில் காசே இல்லாதவரும் நன்கொடையாளர் ஆகிறார். 2017-ல் முதல் முறை நடந்தபோது நூற்றுக்கு மூன்று நான்கு பேர்தான் பயன்படுத்தினார்கள், 2019-ல் அது ஏறத்தாழ இரு மடங்கானது. தபாலில் வந்த தாளை விளம்பரம் என்று குப்பையில் போட்டவர்கள் உண்டு. இம்மாதிரித் திட்டங்களில் முதல் ஆண்டு மக்களுக்குச் சொல்லிக்கொடுக்கவே போய்விடும். எதிர்ப்பவர்கள் அந்த முதல் ஆண்டு எண்ணிக்கையைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

தொகை தேர்தல் செலவின் வேகத்துக்கு உயராவிட்டால் திட்டம் தானாகவே செத்துவிடும் என்பதற்கு அமெரிக்க அதிபர் தேர்தல் நிதியே சாட்சி. வரிப் படிவத்தில் ஒரு கட்டத்தில் டிக் போட்டால் உங்கள் வரியில் 1 டாலர் இந்த நிதிக்குப் போகும், 1993-ல் அதை 3 டாலர் ஆக்கினார்கள். பெரிய ஊழல் ஒன்றுக்குப் பிறகு, 1976 முதல் பல தேர்தல்களில் இரு பெரிய கட்சி வேட்பாளர்களும் இதை வாங்கினார்கள். 2008-ல் குடியரசுக் கட்சியின் மெக்கெய்ன் 8.41 கோடி டாலர் வாங்கிக்கொண்டு, நிபந்தனைப்படி அந்தத் தொகைக்குள் செலவை நிறுத்திக்கொண்டார். ஒபாமா வேண்டாம் என்று சொல்லி 70 கோடிக்கு மேல் திரட்டினார். அடுத்த தேர்தலிலிருந்து பெரிய கட்சி வேட்பாளர் யாரும் அந்தப் பணத்தைத் தொடவில்லை. டிக் போடுபவர்களும் கால் பங்குக்கு மேல் இருந்த நிலையிலிருந்து நூற்றுக்கு ஐந்து பேருக்கும் கீழே இறங்கிவிட்டார்கள்.

இந்தியாவில் ஓரளவு அரசு உதவி இப்போதே இருக்கிறது, நாம் அதை அப்படி அழைப்பதில்லை. அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு தூர்தர்ஷனிலும் அகில இந்திய வானொலியிலும் இலவச நேரம், அவற்றின் வேட்பாளர்களுக்கு வாக்காளர் பட்டியல் இலவசம், வருமான வரிச் சட்டப்படி கட்சி வருமானத்துக்கு வரி விலக்கு. 1998-ல் இந்திரஜித் குப்தா குழு இதை விரிவாக்கச் சொன்னது. ரொக்கமாக வேண்டாம், எரிபொருள், ஒலிபெருக்கி, தாள் போல பொருளாகக் கொடுக்கலாம், அதுவும் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு மட்டும் என்றது. 1999-ல் சட்ட ஆணையம் தன் 170-வது அறிக்கையில், கட்சிகளின் உள்கட்டமைப்பையும் கணக்கையும் சட்டத்துக்குள் கொண்டுவந்த பிறகே அரசு நிதி என்று நிபந்தனை வைத்தது. 2015-ல் வந்த 255-வது அறிக்கை, முழு அரசு நிதி இன்றைய நிலையில் சாத்தியமில்லை என்றது. இந்த வரிசையைப் பார்த்து ‘குழு போட்டுக் காலம் கடத்துகிறார்கள்’ என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். ஆனால் 170-வது அறிக்கையின் நிபந்தனை நியாயமானது.

காரணம் இதுதான். மக்களவை வேட்பாளருக்குப் பெரிய மாநிலங்களில் 95 லட்சம் ரூபாய், சட்டமன்ற வேட்பாளருக்கு 40 லட்சம் ரூபாய் என்று 2022-ல் உச்சவரம்பு நிர்ணயித்தார்கள். கட்சி செய்யும் செலவுக்கோ உச்சவரம்பே இல்லை. தலைவரின் ஹெலிகாப்டர், மாநிலம் முழுவதற்குமான விளம்பரம் எல்லாம் கட்சிக் கணக்கு. ஓட்டுக்குப் பணம் எந்தக் கணக்கிலும் வராது. இந்த நிலையில் வேட்பாளருக்கு அரசு 40 லட்சம் கொடுத்தால், அவர் அதைக் கணக்கில் காட்டும் செலவுக்கு வைத்துக்கொண்டு, இதுவரை அதற்குப் போட்ட சொந்தப் பணத்தைக் கணக்கில் வராத பக்கம் திருப்புவார். கட்சிச் செலவுக்கு வரம்பும் பெயரில்லா வரவுக்குத் தடையும் முதலில், அரசுப் பணம் பிறகு என்பதுதான் சரியான வரிசை.

“என் வரிப்பணத்தில் கட்சிக்காரனுக்கு போஸ்டரா?” என்று நிச்சயம் கேட்பார்கள். சியாட்டில் வவுச்சருக்கு ஆண்டுக்கு 30 லட்சம் டாலர் சொத்து வரி, சராசரி வீட்டுக்காரருக்கு ஆண்டுக்கு சுமார் 11.50 டாலர் என்று பிரசாரத்திலேயே கணக்குச் சொன்னார்கள். தொகையை வீட்டுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதே இந்தக் கேள்விக்கு நல்ல பதில். கொள்கை விளக்கம் எடுபடுவதில்லை.

இனி, குடிமக்கள் செய்யக்கூடியது.

மக்களே சட்டம் முன்மொழியும் வசதி உள்ள இடங்களில் வழி நேரானது, ஆனால் செலவு பிடிக்கும். வரைவைத் தேர்தல் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் கொடுத்து, இருக்கும் நீதிமன்றத் தீர்ப்புகளோடு உரசிப் பார்க்க வேண்டும். கையெழுத்துகளைத் தேவையைவிட மூன்றில் ஒரு பங்காவது கூடுதலாகத் திரட்ட வேண்டும். முகவரி பொருந்தாதவை, ஒரே ஆள் இரண்டு முறை போட்டவை, பட்டியலில் பெயர் இல்லாதவை என்று சரிபார்ப்பில் நிறையத் தள்ளுபடியாகும். ஒருமுறை தோற்றால் விட்டுவிடக் கூடாது. சியாட்டிலில் 2013-ல் மேட்சிங் நிதி கேட்டுப் போன முன்மொழிவு மயிரிழையில் தோற்றது. இரண்டே ஆண்டில் வேறு திட்டத்தோடு வந்து, 2015-ல் 63 சதவீத வாக்கில் ஜெயித்தார்கள்.

அந்த வசதி இல்லாத இடத்தில் சட்டமன்றமே மனம் வைக்க வேண்டும். அது வைக்கும் நேரம் பெரும்பாலும் ஓர் ஊழல் வெடித்த மறுநாள்தான். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஆளுநர் ஒருவர் 2004-ல் ஊழலில் பதவி விலகி, பிறகு சிறைக்கும் போனார். 2005-லேயே அந்தச் சட்டமன்றம் அரசு நிதித் திட்டத்தை நிறைவேற்றியது. ஜன்னல் திறந்திருக்கும் காலம் சில மாதங்கள்தான், அதற்குள் வரைவு தயாராகக் கையில் இருக்க வேண்டும். ஊழலுக்குப் பிறகு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தால் ஜன்னல் மூடிவிடும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு நான்கு கருவிகள் உண்டு. முதலாவதை யாரும் எடுப்பதே இல்லை. தேர்தல் முடிவு வந்த 30 நாளுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். தேர்தல் நடத்தை விதிகள் 1961, விதி 88-ன்படி, 1 ரூபாய் கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் அந்தக் கணக்கைப் பார்வையிடலாம், கட்டணம் கட்டிச் சான்றிட்ட நகலும் வாங்கலாம். அங்கே இரண்டு ஆவணங்களை ஒப்பிடுங்கள்: வேட்பாளர் எழுதிய தினசரிப் பதிவேடு, தேர்தல் ஆணையத்தின் ஆட்கள் கூட்டங்களை வீடியோ எடுத்துத் தனியாக எழுதிய நிழல் பதிவேடு. வேட்பாளர் 200 நாற்காலி என்று எழுதிய நாளில் நிழல் பதிவேட்டில் எத்தனை, ஒரு வாகன வாடகை எவ்வளவு, மேடைக்கு எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று வரி வரியாகப் பாருங்கள். ஐந்து தொகுதியில் இதைச் செய்து ஓர் அட்டவணை போட்டாலே, ‘உச்சவரம்பு ஏட்டில்தான் இருக்கிறது’ என்ற பேச்சு ஆதாரமாக மாறிவிடும். கணக்கே கொடுக்காதவரை மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 10ஏ-யின்படி மூன்று ஆண்டு தகுதி நீக்கம் செய்யலாம்.

இரண்டாவது ஆர்.டி.ஐ., அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டம். மத்திய அலுவலகங்களுக்கு 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில், வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ 30 நாளில் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளில் இரண்டாவது. “ஏன் இப்படிச் செய்தீர்கள்” என்று கேட்டால் “இது தகவல் அல்ல” என்று ஒரே வரியில் திருப்பி அனுப்புவார்கள். கோப்பின் நகல், குறிப்புப் பக்கங்கள், கடிதப் போக்குவரத்து என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் வங்கிப் பத்திரமாகக் கட்சிக்குப் பணம் கொடுக்க வழி செய்த தேர்தல் பத்திரத் திட்டத்துக்கு ரிசர்வ் வங்கி முன்கூட்டியே ஆட்சேபம் தெரிவித்திருந்தது வெளியே வந்தது இந்த வழியாகத்தான். கட்சிகளிடமே நேராகக் கேட்க முடியுமா என்றால், ஆறு தேசியக் கட்சிகள் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்று மத்தியத் தகவல் ஆணையம் 2013 ஜூனில் உத்தரவிட்டது. கட்சிகள் அதை ஏற்று நடக்கவில்லை. ஆகவே கேள்வியை அரசு அலுவலகத்திடம் வையுங்கள்.

மூன்றாவது நீதிமன்றம். வேட்பாளரின் சொத்து, குற்ற வழக்கு விவரங்கள் இன்று நமக்குக் கிடைப்பது 2002, 2003 உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளால். தேர்தல் பத்திரத் திட்டம் 2024 பிப்ரவரி 15-ல் ரத்தானது. 2017 நிதிச் சட்டத்தில் தொடங்கிய விவகாரம், ஏழு ஆண்டு இழுத்தது. விவரம் தர ஜூன் 30 வரை அவகாசம் கேட்ட ஸ்டேட் வங்கிக்கு நீதிமன்றம் ஒரே நாள்தான் கொடுத்தது. அதன் பிறகும் யார் கொடுத்தது யாருக்குப் போனது என்று பொருத்திப் பார்க்க உதவும் பத்திர எண்கள் இல்லாமலே பட்டியல் வந்தது, அதைக் கேட்டு மறுபடி உத்தரவு வாங்கி மார்ச் 21-ல்தான் கிடைத்தது. தீர்ப்பு வந்ததும் வீட்டுக்குப் போயிருந்தால் பாதிப் பட்டியலோடு முடிந்திருக்கும். ஒரு எல்லையும் உண்டு: இருக்கும் சட்டத்தை நீதிமன்றம் ரத்து செய்யும், புது நிதித் திட்டத்தை எழுதித் தராது.

அதற்கு நான்காவது, நாடாளுமன்றம். சட்டம், நீதி தொடர்பான நிலைக்குழு மசோதாக்கள் மீது கருத்துக் கேட்டு விளம்பரம் கொடுக்கும். குறிப்பிட்ட நாளுக்குள் மனு அனுப்பினால் அது பதிவாகும், சில சமயம் நேரில் அழைப்பார்கள். எம்.பி. ஒருவர் வழியாக அவையில் மனு அளிக்கலாம், தனிநபர் மசோதா கொண்டுவரச் செய்யலாம். தனிநபர் மசோதா நிறைவேறும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் விவாதத்துக்கு வந்தால் அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும், அந்தப் பதில் அவைக் குறிப்பில் நிற்கும், அடுத்த வழக்கில் அதுவே ஆதாரம். எம்.பி.யைப் பார்க்கப் போகும்போது ‘ஊழலை ஒழியுங்கள்’ என்று போகாதீர்கள். தலையை ஆட்டி, படம் எடுத்து அனுப்பிவிடுவார். ‘கட்சிச் செலவுக்கு உச்சவரம்பு கொண்டுவரும் திருத்தத்துக்கு நீங்கள் வாக்களிப்பீர்களா, ஆமா இல்லையா’ என்று எழுத்தில் கேளுங்கள்.

கையில் வைத்திருக்கும் வரைவில் சில விஷயங்கள் தப்பாமல் இருக்க வேண்டும். பணம் எந்த வரியிலிருந்து, ஆண்டுக்கு எவ்வளவு என்று சட்டத்திலேயே எழுதியிருக்க வேண்டும். விலைவாசியோடு தொகை உயர வேண்டும். வாங்குபவர் எதை விட்டுக்கொடுக்கிறார், பெரிய நன்கொடையையா, நிறுவனப் பணத்தையா, செலவு வரம்பை மீறும் உரிமையையா என்பது தெளிவாக இருக்க வேண்டும். புதுக் கட்சிக்கும் சுயேச்சைக்கும் நுழைவாயில் வேண்டும். போன தேர்தல் வாக்கை மட்டும் அளவுகோலாக வைத்தால் இருப்பவர்களே மேலும் கொழுப்பார்கள். தணிக்கை தேர்தலுக்குப் பின் என்று மட்டும் இல்லாமல் பணம் கொடுப்பதற்கு முன்பே நடக்க வேண்டும். திட்டத்தை நடத்தும் வாரியத்தின் சொந்த பட்ஜெட்டை ஆளுங்கட்சி வெட்ட முடியாதபடி பூட்ட வேண்டும்.

கடைசியாகச் சொன்னது சும்மா இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 1998-ல் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு அரசு நிதிச் சட்டத்தை நிறைவேற்றினார்கள். சட்டமன்றம் அதற்குப் பணம் ஒதுக்கவே இல்லை. வழக்கு போய், 2002-ல் மாநில உச்ச நீதிமன்றம், பணம் ஒதுக்கு அல்லது சட்டத்தை ரத்து செய் என்றது. இரண்டையும் செய்யாததால், அரசுக்குச் சொந்தமான வாகனங்களை விற்று வேட்பாளர்களுக்குப் பணம் கொடுக்கும் நிலை வந்தது. அதே ஆண்டு நவம்பரில் சட்டமன்றம் தன் பங்குக்கு ஒரு கருத்துக் கேட்பு நடத்தியது. கேள்வியை ‘அரசியல் பிரசாரத்துக்கு வரி செலுத்துவோர் பணத்தைக் கொடுப்பதை ஆதரிக்கிறீர்களா’ என்ற தொனியில் அமைத்ததால், நான்கில் மூன்று பேர் இல்லை என்றார்கள். 2003-ல் சட்டம் போயே போய்விட்டது. தெற்கு டகோட்டாவில் இன்னும் வேகம்: 2016 நவம்பரில் மக்கள் நிறைவேற்றிய வாக்காளர் வவுச்சர் சட்டத்தை, ‘அவசரம்’ என்று அறிவித்து 2017 பிப்ரவரியிலேயே சட்டமன்றம் நீக்கியது. அவசரம் என்று அறிவித்ததால் மக்கள் அந்த நீக்கத்தை வாக்கெடுப்புக்குக் கொண்டுபோகவும் முடியவில்லை.

அரிசோனாவில் முன்யோசனை இருந்தது. 1998-ல் அரசு நிதிச் சட்டம் வாக்குச்சீட்டில் வந்த அதே நாளில், மக்கள் நிறைவேற்றும் சட்டத்தைச் சட்டமன்றம் ரத்து செய்யக் கூடாது, நோக்கத்தை வலுப்படுத்தும் திருத்தம்கூட நான்கில் மூன்று பங்கு ஆதரவோடுதான் என்ற அரசமைப்புத் திருத்தமும் நிறைவேறியது. நிதிக்கான பணமும் ஆண்டு பட்ஜெட்டிலிருந்து வரவில்லை. நீதிமன்ற அபராதங்களின் மேல் 10 சதவீதக் கூடுதல் தொகை நேராக அந்த நிதிக்குப் போகும்படி சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள்.